தப்பான விடைகளை முதலில் படிப்பவர்

கேள்வியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விடைகளை மட்டும் படிப்பார். நான்கு விடைகளிலும் கண் ஒவ்வொன்றாக நின்று, நகர்ந்து, திரும்பவும் முதலாவதற்கு வரும். சில சமயம் உதட்டைப் பிதுக்குவார். சில சமயம், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டுவிட்டவர் போலச் சிரிப்பார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்துவிட்டு, கேள்வி என்ன கேட்கிறது என்று பார்ப்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தின் வாசிப்பறையில்தான் அவரை முதலில் பார்த்தேன். அந்த அறையில் மற்ற எல்லோரும் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலாண்மைக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வுத் தாள்களை வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். என் பிள்ளை வீட்டில் மாமியாரிடம் இருந்தாலும் அவளுடைய மாற்றுச் சட்டை ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வைத்தேனா என்று அடிக்கடி திறந்து பார்ப்பேன். அப்படி ஒரு தடவை பையைத் திறந்து மூடும்போதுதான் எதிர் மேசையில் அந்த உள்ளங்கையைக் கவனித்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். கறுப்புப் புர்கா, மூக்கின் நுனியில் கண்ணாடி. விடையை மனப்பாடம் செய்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு, அப்படி யாராவது செய்வார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாளும் அதையே செய்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, கேள்வியப் பாக்காம விடையப் பாக்கீங்களே, எதுக்கு?"

"கேள்வி எல்லாப் பேப்பர்லயும் ஒண்ணுபோலத்தான் கெடக்கும், புள்ள. பேப்பர் எடுத்தவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு விடையிலதான் தெரியும்."

நான் விழித்ததைப் பார்த்து இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினார். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள் விற்கும் பயிற்சித் தேர்வுகள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. ஒரு கடைக்காரர் பொருளின் விலையை இருபது சதவீதம் ஏற்றுகிறார், பிறகு அந்தப் புது விலையில் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறார், கடைசியில் லாபமா நட்டமா? விடை நான்கு சதவீத நட்டம். அது எனக்குத் தெரியும்.

"சரி, தெரியாதவ என்ன சொல்லுவா?"

"இருபது ஏத்தி இருபது இறக்குனா சரிக்குச் சரியாப் போச்சுன்னு சொல்லுவா."

"சொல்லுவால்லா? இந்தா இவன் அத எடுத்து ரெண்டாவதா வச்சிருக்கான் பாரு. லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. வச்சிட்டு அங்கன குத்தவச்சு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். கூட்டல் கழித்தல மாத்திப் போட்டவளுக்கு நாலு சதவீத லாபம்னு மூணாவது. இவன் பிள்ளைகளோட உக்காந்து எழுந்தவன்." அடுத்த தாளை விரலால் தட்டினார். "இவனப் பாரு. நாலு, பதினொண்ணு, பதினேழு, இருபத்திமூணு. எல்லாம் நட்டம். பதினேழுக்கு எந்தப் பாதையில போவ, சொல்லு? ஒரு மனுசன் வழி தவறிக்கூட அங்கன போக மாட்டான். ஆளில்லாத ஊருக்குப் போர்டு எழுதி வச்சிருக்கான்."

அந்த இரண்டாவது நிறுவனத்தின் தேர்வுகளைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு எது சரியான பயிற்சித் தேர்வு என்பது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். மேற்படிப்புக்கு ஆசைப்பட்டபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியையான என் மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். "ஒரு வருசம் எழுதிப் பாரும்மா. வாரா வாரம் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போற தூரத்துல கெடச்சா நல்லாப் போ. இல்லன்னா பி.எட். சேந்திரு. பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேன்." அது நியாயமாகத்தான் எனக்கும் பட்டது. அந்தத் தூரத்துக்குள் இருந்தது ஒரே ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனம். அதற்கு நல்ல மதிப்பெண் வேண்டும்.

பயிற்சித் தேர்வை முழுதாக எழுத இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். கணவரும் மாமியாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்கு, எங்கள் பேச்சில் கோயிலுக்கு, ஆராதனைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் வீட்டில். கோயில் மணி அடிக்கும்போது கணினியில் கடிகாரத்தை ஓடவிடுவேன். ஆராதனையை விட்டதற்கு ஒரு குற்ற உணர்ச்சி, பிள்ளை கோயிலில் அழுகிறாளோ என்று ஒரு நினைப்பு, இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதுவேன். ஒரு ஞாயிறு மோசமான தாளில் போனால் போனதுதான். கடையில் காய் பொறுக்குவது போல நிதானமாகப் பொறுக்க எனக்கு நேரம் இல்லை. அந்த அக்காவிடம் அது ஏராளமாக இருந்தது.

அவர் காயல்பட்டினத்துக்காரர். கணவர் கத்தாரில். மகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். கணக்கில் பட்டம் வாங்கியவர். கணவர் ஊருக்குத் திரும்பி வந்து தொழில் தொடங்கும்போது அதை நடத்த மேலாண்மை படிக்கப் போவதாக ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், "சும்மா பாத்து வைப்போமேன்னுதான்" என்றார். எந்தெந்த நிறுவனம் இலவசமாக ஒரு தேர்வு தருகிறதோ அதிலெல்லாம் அவர் கணக்குத் தொடங்கியிருந்தார். கொஞ்சம் பார்ப்பார், மூடுவார், அடுத்ததைத் திறப்பார். உண்மையான தேர்வின் பழைய தாள்களை மட்டும் தொடவே விட மாட்டார்.

"அதக் கடைசிக்கு வை, புள்ள. இப்பமே எழுதித் தீத்துட்டா அப்புறம் எத வச்சு அளப்ப?"

தப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. புதிய பேருந்து நிலையத்தில் ஒரு தடவை அவரோடு நின்றிருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு தோழி வீட்டு விசேஷத்துக்கு நான் போக வேண்டும், அவர் வேறு எங்கோ போக வேண்டும். நான் டீக்கடைக்காரரிடம் என் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அக்கா அவரிடம் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, ஆழ்வார்குறிச்சி போறவங்க தப்பா எந்த பஸ்ல ஏறுவாங்க?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். "என்னம்மா கேக்கீங்க?"

"தெரியாம ஏறிட்டு அலறியடிச்சு இறங்குவாங்கல்லா, அது எந்த பஸ்சு?"

"அதுவா? களக்காடு பஸ்சு. பக்கத்துல பக்கத்துல நிக்கும். நித்தம் ரெண்டு பேராவது ஏறுவாங்க. நேத்துக்கூட ஒரு மாப்பிள்ளை வீட்டு ஆளு பழத்தட்டோட ஏறிட்டாரு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் பஸ் தவறியவர்களின் கதையாகச் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கு அவர் கையை நீட்டியதோடு சரி.

எங்கிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டபோது அக்கா ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் மட்டும் போய்வரும் குறுகலான முடுக்குகள் உண்டு. வெளியூர் ஆண்கள் தெரியாமல் அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, யார் தப்பாக வருகிறார்கள், எந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

"எல்லாரும் ஒரே எடத்துலதான் தப்பா திரும்புவாங்க, புள்ள. அந்த முக்குல ஒரு வீட்டுச் சுவரு தெரு மாதிரி வளைஞ்சிருக்கும். அவங்க மேல தப்பில்ல. எங்க உம்மா அவங்கள வெரட்டுவாவ. நான் போயி அந்தச் சுவரப் பாப்பேன்."

எனக்குத் தப்பு என்றால் பயம். தப்பு செய்தவளை நான் பார்ப்பதே கண்ணாடியில்தான். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நான் குளிப்பாட்டிய நேரம் தப்பு, பிள்ளை பேசத் தாமதித்தால் நான் போனைக் கொடுத்தது தப்பு. அக்கா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகள், "நேத்து கோயிலுக்குப் போவோம்" என்றாள். நான் அவசரமாக, "நேத்து இல்லடா, நாளைக்கு" என்று திருத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு, இரு. அவளுக்கு இன்னைக்கு இல்லாத நாளெல்லாம் நேத்து. அது ஒரு கணக்கு. விடு, பையப் பைய அவளே மாத்திக்கிடுவா." மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நேத்து இன்னும் எங்கல்லாம் போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "இவங்க நல்லாப் படிச்சவங்கதான?" என்றார்கள்.

நான் எழுதிவந்த தேர்வுகள் என்னை வானத்தில் தூக்கி வைத்திருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் முடித்தவுடன் பட்டாசு வெடிக்கும் படத்தோடு ஒரு பக்கம் வரும்: இந்திய அளவில் உங்கள் இடம் இது. ஒரு தடவை அது பதினெட்டு என்று வந்தது. கணவர் சந்தோஷத்தில் அதை அச்சிட்டுக் கொண்டுவந்து மாமியாரிடம் காட்டினார். அந்த வாரம் அந்தத் தேர்வை எழுதியவர்களே கொஞ்சம் பேர்தான் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் நான் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்த நேரத்தில் வாசலில் சத்தம். அடுத்த தெரு ஆசிரியை ஒருவர் கேக் டப்பாவோடு நின்றார்.

"ஏம்மா, பாஸாயிட்டியாமே! இந்தியாவுலயே பதினெட்டாவதாமே! சொல்லவே இல்ல பாத்தியா?"

கேக் டப்பாவை வாங்கிக்கொண்டு, யார் சொன்னது என்று கேட்டேன். நடந்தது இதுதான். மாமியார் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருக்கிறார்கள். கவரின் மேல், மருமகள் தேர்வில் இந்திய அளவில் பதினெட்டாம் இடம் பெற்றதற்காக என்று எழுதியிருக்கிறார்கள். குருவானவர் பிரசங்கத்துக்கு முன்னால் அதைச் சபை முழுக்கக் கேட்க வாசித்து, எனக்காக ஜெபமும் செய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கோயிலில் வாசித்துவிட்டால் அது அரசிதழில் வந்ததற்குச் சமம்.

"அத்தை, அது வெறும் பயிற்சித் தேர்வு. நெசப் பரீட்சை இன்னும் வரவே இல்ல."

"தெரியும்மா. நான் என்ன படிக்காதவளா? அரையாண்டுல முதல் ரேங்க் எடுத்தாலும் நாங்க காணிக்கை போடுவோம். கர்த்தருக்கு நன்றி சொல்லுததுக்கு முழுப் பரீட்சை முடியணுமா?"

அந்த வாரம் பால்காரர் வரைக்கும் வாழ்த்துச் சொன்னார். நான் எல்லோரிடமும் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, என் அடக்கத்தைப் பாராட்டினார்கள்.

வாசிப்பறையில் அக்காவிடம் சொன்னபோது துப்பட்டாவை வாயில் வைத்து அடக்கியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அரசுத் தேர்வுக்காரர்கள் தலையைத் திருப்பினார்கள். பிறகு நான் எழுதிய அந்தத் தேர்வின் தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவன் உனக்கு மிட்டாய் குடுத்துக்கிட்டு இருக்கான், புள்ள. அடுத்த வாரமும் வரணும்லா? எல்லாத் தப்பு விடையும் ஆளில்லாத ஊரு. நீ தப்பா கணக்குப் போட்டாக்கூட உன் தப்பு விடை அங்கன இருக்காது. இல்லன்னதும் திரும்பப் போட்டுப் பாப்ப, சரியா வந்திரும். நெசப் பரீட்சையில உன் தப்பு விடை அங்கன இருக்கும். இலை போட்டு வச்சிருப்பான். நீ போய் உக்காந்திருவ."

அப்படித்தான் நான் மாறினேன். அவர் பொறுக்கித் தந்த வேறு ஒரு நிறுவனத்தின் தேர்வு. முதல் ஞாயிறே என் மதிப்பெண் பாதிக்குக் கீழே போனது. பட்டாசும் இல்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. கணவர் அச்சிடுவதை நிறுத்திவிட்டார். மாமியார் சாப்பாடு போடும்போது கேட்டார்கள்.

"போன மாசம் நல்லாத்தானே எழுதிக்கிட்டு இருந்த? பிள்ளை நினைப்பாம்மா?"

"இல்ல அத்தை, இது கஷ்டமான பேப்பர்."

"கஷ்டத்த எதுக்கும்மா தேடிப் போகணும்?"

அந்தக் கேள்வி எனக்குள் பல நாள் சுற்றியது. பி.எட். விண்ணப்பம் பற்றி அவர்கள் போனில் விசாரிப்பது காதில் விழுந்தது. பதினெட்டாம் இடத்தில் இருந்தவளை நான்தான் கீழே இறக்கிவிட்டேனா? தெம்பாகப் பரீட்சைக்குப் போவது நல்லதா, உண்மை தெரிந்து போவது நல்லதா? ஒருத்தி சொன்னதற்காக ஏன் மாறினேன்? ஒரு ஞாயிறு பழைய தேர்வுக்கே திரும்பிப் போய் ஒன்றை எழுதினேன். பட்டாசு வெடித்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கியது. மூன்றாம் நாள் மறுபடி சந்தேகம்.

இந்த நிலையில்தான் அது கண்ணில் பட்டது. ஒரு தாளைப் பார்க்கச் சொல்லி அக்கா தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். திரையில் அவர் திறந்த தேர்வுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சொல்: முடிக்கவில்லை. மேலே போனேன், கீழே போனேன். ஒன்றைக்கூட அவர் கடைசி வரை எழுதியிருக்கவில்லை. மதிப்பெண் என்ற கட்டத்தில் எதுவுமே இல்லை.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாக இருந்தது.

"நீங்க ஒண்ணுகூட முழுசா எழுதலியேக்கா."

"எழுதல."

"பரீட்சைக்காவது பணம் கட்டியாச்சா?"

"அதுக்கு நாள் போயிட்டு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மச்சான் கத்தார்லருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாவ, கட்டியாச்சான்னு. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி நாளு போச்சு."

"பின்ன எப்படிக்கா எனக்கு மட்டும்..." எனக்கு இருந்தது ஒரே ஒரு தேர்வு. அதற்கான வழியை, ஒரு தேர்வையும் எழுதாத ஒருவர் கையில் கொடுத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. நான் கேட்டது நல்ல கேள்வி என்பது போல யோசித்தார். "இதெல்லாம் நான் பொறுக்கி எடுக்கேன். பிடிக்கலன்னா மூடிருதேன். அந்த ஒரு பேப்பர் மட்டும் யாரு எடுக்கான்னு தெரியாது, எப்படி எடுக்கான்னு தெரியாது, மூடவும் முடியாது. அதுக்கு முன்னால போய் உக்காரணும்னு நினைச்சாலே எந்திரிச்சு ஓடத் தோணுது, புள்ள. உனக்கு அப்படி இல்ல. நீ பயந்துக்கிட்டே உக்காந்திருவ. நான் பாத்திருக்கேன்."

அது பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் மேல் கோபம் வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. மிச்சமிருந்த ஞாயிறுகளில் அவர் தேர்ந்த தாள்களையே எழுதினேன். நம்பிக்கையா, இனி மாற நேரமில்லை என்பதா, தெரியாது. மதிப்பெண் மெல்ல ஏறியது. கடைசி இரண்டு ஞாயிறும் உண்மைத் தேர்வின் பழைய தாள்களை எழுதினேன். அவை அவர் சொன்னபடியே இருந்தன. ஒவ்வொரு கேள்வியிலும் என் தப்பு எனக்காக இலை போட்டுக் காத்திருந்தது.

பரீட்சை, ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். அந்தத் தேர்வில் தப்பாக எழுதினால் மதிப்பெண் கழியும், விட்டுவிட்டால் கழியாது. கணக்குப் பகுதியில் சில கேள்விகள் ஆச்சரியமாக எளிதாக வந்தன. போட்டேன், விடை வந்தது, பார்த்தால் அதே எண் விடைகளில் இருந்தது. பழைய நாளாக இருந்தால் தட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். இப்போது, இவ்வளவு சுலபமாக வந்தால் இது தாள் எடுத்தவன் இலை போட்டு வைத்த இடம் என்று தோன்றியது. திரும்பப் போட்டேன். அதே எண். இன்னும் சந்தேகம் வந்தது. அப்படிச் சிலவற்றை விட்டுவிட்டு நகர்ந்தேன்.

பிறகு சரியான விடைகளை வெளியிட்டார்கள். நான் விட்டவற்றை ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாமே நான் கண்டுபிடித்த விடைதான்.

முடிவு வந்தபோது மாமியார் சொன்ன தூரத்தில் இருந்த அந்தக் கல்வி நிறுவனம் எனக்குக் கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தது. ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் ரயிலில் போக வேண்டிய ஊரில் இருந்த வேறொரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தப்படி நான் பி.எட். சேர்ந்திருக்க வேண்டும். நானே அதற்குத் தயாராகி, விண்ணப்பத்தை எடுத்துத் தாருங்கள் அத்தை என்றேன். மாமியார் அந்த அழைப்பை இரண்டு தடவை வாசித்தார்கள். "வாரா வாரம் நீ வர முடியாது. சரி. நானும் பிள்ளையும் உங்கூட வந்துட்டா வர வேண்டிய அவசியம் இல்லல்லா?" என்றார்கள். கணவர் வாயைத் திறப்பதற்குள், "நீ ஓட்டல்ல சாப்பிட்டுக்கோடே" என்று அவருக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் இருந்து இதை எழுதும்போது அடுத்த அறையில் மாமியார் என் மகளுக்கு, தனக்கே சரியாகத் தெரியாத ஒரு மொழியில் எண்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் அக்காவைப் பார்க்கப் போனேன். அவரும் மகளின் தேர்வு முடிந்ததும் கத்தார் போவதாக இருந்தார், கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. அதுவரை என்னிடம் எல்லோரும் எவ்வளவு வாங்கினாய் என்றுதான் கேட்டார்கள். அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எதுலல்லாம் விட்டே?"

விடைத்தாளின் அச்சுப் பிரதியைக் கொண்டு போயிருந்தேன். முதல் பக்கத்தைக் கொடுத்தேன். ஆசையாக வாங்கினார். தப்பாக எழுதிய கேள்விகளில் ஒவ்வொன்றாக நின்று, "ஆ, இங்கன மாட்டிட்டியா," "இவன் பெரிய ஆளு," என்று ரசித்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு கேள்வியில் விரல் நின்றது.

"இது உனக்குத் தூங்கும்போதும் வருமே. ஏன் தொடாம விட்ட?"

"போட்டேன்க்கா. என் விடை அங்கன இருந்துச்சு."

"இருந்தா?"

"இருந்ததாலதான்."

புரிந்துகொள்ள அவருக்கு ஒரு கணம்தான் ஆனது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார்.

"இப்படி ஒரு தப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். "சரியான வாசல்ல போய் நின்னுட்டுப் பயந்து திரும்பியிருக்க. இத எவனும் எந்தப் பேப்பர்லயும் வைக்க முடியாது." பிறகு, ரொம்ப மெதுவாக, "இது நான் உனக்குக் குடுத்தது, புள்ள" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"எத்தன இது மாதிரி?"

"இந்த ஒண்ணுதான்க்கா," என்றேன்.

விட்ட மற்றக் கேள்விகள் இருந்த பக்கங்கள் என் மடியில் இருந்தன. கை நீட்டியிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து, டீ ஆறிவிட்டது என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.